மறதிக்கும் ஒரு வரலாறு உண்டு

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். இடம்: தொண்டூர், செஞ்சி வட்டாரம்)



இன்று காலை, கூட்டம் தொடங்கும் முன்பு, நாங்கள் சிலர் இந்த ஊரின் சமணக் குகைத்தளத்துக்குப் போய்வந்தோம். துறவிகள் படுத்திருக்கப் பாறையில் செதுக்கிய படுக்கைகள் அங்கே இருக்கின்றன. கூடவே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சிறிய கல்வெட்டும் இருக்கிறது. அதன் காலம் கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். இளங்காயிபன் ஏவ, அகழூரின் அறமாக, மோசி செய்த இருக்கை என்பதுதான் அதன் பொருள். அகழூர் இன்றும் அகலூர் என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது.

ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரியில் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். ஏவியவர் ஒருவர், செய்தவர் ஒருவர். ஏவியவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் கழித்தும் நாம் மோசி என்று பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. அதற்குப் பின் இந்த மண்ணில் எழுந்த கோட்டைகள், கோயில்கள், குளங்கள், ஏரிகள் எத்தனை? அவற்றில் ஏவியவர்களின் பெயர்களை நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். செய்தவர்களின் பெயர்கள் எங்கே போயின?

இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். மறதியைப் பற்றிப் பேசும்போது அதை மனிதனின் இயல்பு என்று சொல்லிவிடுவது எளிது. வயதானால் மறக்கும், நாளானால் மறக்கும், படிக்காதவர்கள் மறந்துவிடுவார்கள் என்பார்கள். நம் மக்களுக்கு வரலாற்று உணர்வு இல்லை என்று நம்மில் படித்தவர்களே சலித்துக்கொள்வதும் உண்டு. எங்கள் அனுபவம் வேறு. சேரியின் மறதி சேரியின் தலைக்குள் உண்டானதல்ல. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த ஆண்டில், எந்தத் தாளில், யார் கையால் அது நடந்தது என்று பல இடங்களில் விரல் வைத்துக் காட்டவும் முடியும்.

படுகளம் உள்ள போரும் படுகளம் இல்லாத சாவும்

நினைவு எப்படி நிற்கிறது என்பதைச் செஞ்சிச் சீமையைவிட நன்றாகக் காட்டும் இடம் இல்லை. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியைத் திரௌபதியம்மன் வழிபாட்டின் தாயிடமாகக் கருதும் வழக்கம் இங்கே உண்டு. இந்த வட்டாரத்து ஊர்களில் பாரதம் படிக்கிறார்கள், இரவெல்லாம் கூத்து நடக்கிறது, மண்ணில் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்துகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். குருசேத்திரம் எங்கோ வடக்கே இருக்கிறது. ஆனாலும் அந்தப் போரில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் வரிசை தவறாமல் சொல்வார்.

தேசிங்கு ராசனும் அப்படித்தான். தேஜ் சிங் என்ற அந்தப் புந்தேல இராசபுத்திர இளைஞன் செஞ்சியை ஓராண்டுகூட ஆளவில்லை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு மோதி இறந்தான். முந்நூறு ஆண்டுகளாக அவன் கதைப்பாடலிலும் கூத்திலும் குதிரையேறி வந்துகொண்டிருக்கிறான். அவனுடைய குதிரையின் பெயரைக்கூட மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது இன்னொரு சாவைப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. 1876 தமிழ் ஆண்டுக்கணக்கில் தாது வருடம் என்பதால் தாது வருடப் பஞ்சம் என்று அதற்குப் பெயர் வந்தது. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. சொந்த நிலம் இல்லாமல், அன்றாடக் கூலித் தானியத்தில் உயிர் வைத்திருந்தவர்கள்தாம் விழுந்தார்கள். 1877இல் பஞ்சப்பணிக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த அளவில் உயிர் நிற்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது.

இந்தச் சாவுக்குப் படுகளம் உண்டா? எந்த ஊரிலாவது ஒரு நாள் குறித்து, மண்ணில் ஓர் உருவம் செய்து, இன்னார் வீட்டில் இத்தனை பேர் போனார்கள் என்று அழுகிறோமா? இல்லை. நமக்கு மிஞ்சியது ஒரு சொல் மட்டும்தான். சோற்றை இறைத்துச் சாப்பிடும் பிள்ளையைப் பார்த்து, தாது வருசத்திலே பொறந்திருந்தா தெரியும் என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவார்கள். கதை போய்விட்டது, அதட்டல் நின்றுவிட்டது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேட மூளையைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகமாக மறந்துபோகின்றன என்று அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி நழுவுகிறது, திரும்பத் திரும்பச் சொன்னால்தான் நிற்கிறது என்று அவர் கண்டார். பாரதம் நிற்பதற்கு ஆண்டுதோறும் கொடியேறுகிறது. தாது வருடத்துக்கு யார் கொடியேற்றுவது?

1925இல் மொரீஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் இதை இன்னொரு படி எடுத்துச்சென்றார். மனிதன் தனியாக நினைப்பதில்லை, தன் குடும்பம், தன் கூட்டம், தன் இடம் ஆகியவற்றைப் பற்றிக்கொண்டுதான் நினைக்கிறான் என்றார். அந்தச் சட்டகம் குலைந்தால் நினைவும் குலையும். பஞ்சத்தில் சட்டகமே குலைந்தது. இருந்தவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் ஏராளமானோர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிற தோட்டங்களுக்கும் போனார்கள். நினைவுகூர வேண்டிய குடும்பங்கள் ஊரைவிட்டே போன பிறகு யார் யாருக்குக் கதை சொல்வது? நாசிகளின் பூகன்வால்ட் முகாமில் 1945இல் ஹால்ப்வாக்ஸ் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நினைவு எப்படி அழிகிறது என்று எழுதியவர், ஒரு மக்களையே அழித்த அரசின் கையில் மடிந்தார்.

நான்காவது குன்று

இனி செஞ்சிக் கோட்டைக்குப் போவோம். மாணவர்கள் சுற்றுலாப் போகும்போது மூன்று குன்றுகளைக் காட்டுவார்கள்: இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி. கோனார் வழியினர், நாயக்கர், பீசப்பூர் சுல்தான், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாகச் சொல்வார்கள். 1649இல் பீசப்பூர் படை பிடித்தது, 1677இல் சிவாசி பிடித்தார், 1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையிட்டார்கள், 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் பிடித்தார்கள் என்பதெல்லாம் தேதியோடு கிடைக்கும். சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே செஞ்சியும் அதன் ஆட்சியாளர்களும் என்று பொருள்படும். உழைத்துத் தேடி எழுதிய நூல் அது, குறைசொல்ல வரவில்லை. ஆனால் யாரை நினைவில் வைப்பது என்ற முடிவு தலைப்பிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. 2025 சூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மராட்டியத்தின் 11 கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக, மராத்தியரின் படைத்தள நிலங்கள் என்ற பெயரில் சேர்த்தது. மீண்டும் ஏவியவரின் பெயர்தான்.

அந்த மூன்று குன்றுகளுக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு சிறு குன்று இருக்கிறது. பழைய குறிப்புகள் அதைச் சக்கிலிதுர்க்கம் என்கின்றன. சமார் டிக்ரி என்ற வடநாட்டுப் பெயரும் அதற்கு உண்டு. இரண்டு மொழியிலும் ஒரே செய்திதான் இருக்கிறது. தோல் வேலை செய்த மக்களின் பெயரைத் தாங்கிய குன்று அது. இன்று நாம் அருந்ததியர் என்று மதிப்போடு அழைக்கும் மக்களின் முன்னோரை, வசைச்சொல்லாகிப்போன அந்தப் பழைய பெயரால் அது இன்னும் நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது.

இது எப்படிப்பட்ட சான்று என்று யோசித்துப் பாருங்கள். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் தோல் இல்லாமல் என்ன நடந்திருக்கும்? குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் தோல். வாளுக்கு உறை தோல். காவலனின் காலுக்குச் செருப்பு தோல். கூடச் சொல்லி அழைக்கும் முரசு தோல். கிணற்றிலிருந்து கமலையில் நீர் இறைக்கும் சாலும் தோல். தேசிங்கின் குதிரைக்குப் பாட்டு இருக்கிறது. அந்தக் குதிரையின் சேணத்தைத் தைத்தவருக்குப் பாட்டு இல்லை. ஆனால் ஒரு குன்று இருக்கிறது. அதிகாரம் எழுதும் வரலாற்றில் இடம்பெறாதவர்களின் பெயர் இடப்பெயராகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்தக் குன்றையும் எண்ணாமல் செஞ்சிக்கு மூன்று மலை என்று நாம் பாடம் ஒப்பித்தால், அந்த மறதிக்கு நாமும் பொறுப்பு.

கழித்து எழுதிய கணக்கு

பெயர் விடுபடுவது மறதியின் ஒரு வகை. பெயர் இருந்தும் மறக்கப்படுவது இன்னொரு வகை. இதற்குத் தஞ்சைக்குப் போக வேண்டும். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களின் வருவாயைக் கொடுத்தபோது, ஒவ்வோர் ஊரின் நிலத்தையும் அளந்து கல்லில் வெட்டினார்கள். மொத்த நிலத்திலிருந்து வரி செலுத்தாத நிலங்களைக் கழித்துக் காட்டும் வழக்கம் அந்தக் கணக்கில் உண்டு. ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் கழிக்கப்படுகின்றன. சில இடங்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு சேரி தனியாக இருந்தது, தீண்டாமை இருந்தது என்பதற்கு இது அசைக்க முடியாத ஆதாரம். சாதியெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பவர்களுக்கு அந்தக் கல்லைக் காட்டலாம். ஆனால் அதில் நம் முன்னோர் எப்படி வருகிறார்கள்? கழித்தல் கணக்கில் வருகிறார்கள். அந்த வயல்களில் இறங்கி விளைவித்தவர்கள் விளைச்சலின் கணக்கில் இல்லை. அவர்கள் படுத்துறங்கிய இடம் மட்டும் விளையாத நிலமாகப் பதிவாகிறது. வரலாறு நம்மை எழுதவில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதைவிடச் சரியாகச் சொன்னால், வரலாறு நம்மைக் கழித்து எழுதியது.

பிறர் தாளில் நம் குரல்

இந்தக் கழித்தலில் நம் துயரம் மட்டும் போகவில்லை. நம் எதிர்ப்பும் போய்விட்டது. அதுதான் பெரிய இழப்பு.

செஞ்சியிலிருந்து புதுச்சேரி தொலைவில்லை. அங்கே பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். செஞ்சிக் கோட்டையின் அரசியல் நிறையவே அதில் வரும். அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி இருக்கிறது. புதுச்சேரி மாதா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களையும் மற்றச் சாதிக் கிறித்தவர்களையும் பிரிக்க நடுவில் ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் அதைக் கேள்வி கேட்டார். பறையர் கிறித்தவர்கள் பெரிய பாதிரியாரிடம் திரண்டு போய், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று வாதாடினார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே மற்றச் சாதியார் கொதித்து எழுந்தார்கள்.

தீண்டாமைச் சுவர் என்றதும் நமக்கு உத்தப்புரம் நினைவுக்கு வரும். 2008இல் அந்தச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. அதற்கு 263 ஆண்டுகள் முன்பே நம்மவர்கள் ஒரு சுவரை இடிக்கவைத்திருக்கிறார்கள். அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பு, எந்தக் கட்சியும் சங்கமும் இல்லாத காலத்தில், சமத்துவத்தைத் தங்கள் வாயால் கேட்டிருக்கிறார்கள். இது நம் வீட்டுக் கதையாக ஏன் வரவில்லை? அதை எழுதியவர் நம்மவர் அல்லர். அது கிடந்த தாள் நம் வீட்டில் இல்லை. அந்தத் தாளைத் தேடிப் போக நமக்குப் படிப்பும் இல்லை, வழியும் இல்லை. விளைவாக, ஒவ்வொரு தலைமுறையும் எதிர்ப்பைத் தானே முதன்முதலாகத் தொடங்குவதாக நினைத்துக்கொள்கிறது. முன்னோர் கையளித்த துணிச்சல் இல்லாமல், வெறுங்கையோடு சுவரின் முன் நிற்கிறது.

பண்டிதர் மறைந்த 85 ஆண்டுகள்

நாமே எழுதினால் இந்த நிலை மாறிவிடுமா? இன்று யார் பெயரால் கூடியிருக்கிறோமோ அவருடைய கதையே இதற்கு விடை.

அயோத்திதாசர் 1845இல் பிறந்தார். தம் தாத்தா கந்தப்பன் ஓர் ஆங்கிலேயர் வீட்டில் சமையல் பணியில் இருந்தவர் என்றும், தம்மிடமிருந்த திருக்குறள் ஓலையை அவர்தாம் துரைமார் வழியாக எல்லிசுக்குக் கொடுத்தார் என்றும் பண்டிதரே எழுதிவைத்தார். பேரன் எழுதாமல் போயிருந்தால் கந்தப்பன் என்ற பெயர் நமக்குக் கிடைத்திருக்காது. 1891இல் நீலகிரியில் திராவிட மகாசன சபையின் மாநாட்டைக் கூட்டினார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 சூன் 19 முதல் ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழை நடத்தினார். அது மறு ஆண்டில் தமிழன் ஆனது. 1914 மே 5 அன்று மறைந்தார்.

அதன்பின் என்ன ஆனது? கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள் அவர் பெயரைக் கைவிடவில்லை. அப்பாத்துரையார் 1920களின் பிற்பகுதியில் அங்கிருந்து தமிழன் இதழை மீண்டும் கொண்டுவந்தார். அதைத் தவிர, பொதுவெளி அவரை மறந்தது. தமிழ் இதழியல் வரலாறு, சாதி எதிர்ப்பு வரலாறு, திராவிட அரசியல் வரலாறு என்று பல வரலாறுகளை எழுதியவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். திராவிடம் என்ற சொல்லை அரசியல் அமைப்பின் பெயராக 1891லேயே வைத்தவரை, அந்தச் சொல்லின் வரலாற்றிலிருந்தே கழித்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைச் சொந்த முயற்சியில் கரையானுக்கும் மழைக்கும் தப்பவைத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் அயோத்திதாசர் சிந்தனைகள் என்று வெளியிட்ட பிறகுதான் நாம் அவரை முழுதாகப் படித்தோம். 1914க்கும் 1999க்கும் இடையே 85 ஆண்டுகள்.

அந்த 85 ஆண்டில் அவர் எழுத்து அழியவில்லை என்பதைக் கவனியுங்கள். அது இருந்தது, ஓர் அலமாரியில் இருந்தது. எழுதினால் மட்டும் நினைவாகாது. பாதுகாக்க ஓர் இடம், அச்சிட ஒரு நிறுவனம், படிக்கவைக்க ஒரு பாடத்திட்டம், திரும்பத் திரும்பப் பேச ஒரு கூட்டம், இத்தனையும் சேர்ந்தால்தான் எழுத்து நினைவாக மாறும். இதே செஞ்சி வட்டாரத்தில் மேல்சித்தாமூரில் சமணர்களின் மடம் இருக்கிறது. எண்ணிக்கையில் சிறியவர்களாக இருந்தும், நாயக்கர் காலத்தில் தாங்கள் துன்புறுத்தப்பட்ட கதையை அவர்கள் மறக்காமல் வைத்திருக்கிறார்கள். மடமும் கோயிலும் ஏடும் அவர்கள் கையில் இருந்தன. நம் கையில் என்ன இருந்தது?

புனைந்துகொள்ளும் ஆபத்து

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நினைவு இரண்டு வழியில் தவறும். ஒன்று மறப்பது. மற்றொன்று, இல்லாததை நினைவாக்கிக்கொள்வது. பிரெடெரிக் பார்ட்லெட் என்ற ஆங்கில உளவியலாளர் அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை மாணவர்களைப் படிக்கவைத்து, நாள் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். தங்களுக்குப் புரியாத பகுதிகளை அவர்கள் விட்டுவிட்டார்கள், தெரிந்த பொருள்களால் இட்டு நிரப்பினார்கள். 1932இல் அவர் இதை நூலாக்கினார். நினைவு என்பது பெட்டியிலிருந்து எடுப்பதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்பதே அவர் கண்டது.

பறிகொடுத்த சமூகத்துக்கு இந்த ஆபத்து அதிகம். வெற்றிடம் இருந்தால் அதில் ஒரு அரசனை உட்காரவைக்கத் தோன்றும். நாமும் ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொண்டால் ஒரு நிம்மதி வரும். அது ஏவியவர் வரிசையில் நமக்கும் ஓர் இடம் கேட்பதாகும். பண்டிதர் சொன்ன பௌத்த வரலாற்றிலும் எல்லாவற்றுக்கும் இன்று சான்று காட்ட முடியாது. ஆனால் பண்டிகையிலும் சடங்கிலும் சொல்லிலும் புதைந்துகிடக்கும் நினைவைத் தோண்டிப் படிக்கலாம் என்று அவர் காட்டிய வழி நமக்குப் பெரும் கொடை. சக்கிலிதுர்க்கம் என்ற பெயரை இன்று நாம் படித்தது அந்த வழியில்தான்.

அவர் நினைவு நாளில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாமும் கழித்தல் கணக்கு எழுதியவர்கள் ஆவோம். பஞ்சமர் என்ற பொதுப்பெயருக்குள் பறையரையும் சக்கிலியரையும் குறவரையும் ஒன்றாகச் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். அந்த எழுத்தில் அவர்களைத் தாழ்வாகப் பார்க்கும் பார்வை இருக்கிறது. அருந்ததியத் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது நம்மில் சிலர் கோபப்பட்டோம். கோபப்பட ஒன்றுமில்லை. நம் மேடைகளிலேயே நான்காவது குன்று உண்டு. புதிரை வண்ணார் உண்டு. நடவு நட்டு, பிள்ளை பெற்றெடுத்து, நிலவுரிமைப் போராட்டத்தில் முன்வரிசையில் அடிபட்ட பெண்கள் உண்டு. நம் நினைவிதழ்களில் அவர்களின் பெயர்கள் எத்தனை?

மறதியின் விலை

இவ்வளவும் கேட்ட பிறகு, வயிற்றுப்பாட்டுக்கு இதனால் என்ன என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மறதிக்கு விலை உண்டு, அந்த விலை ஏக்கரில் இருக்கிறது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்கீர், நம் மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டி 1892இல் சென்னை அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டது என்று போராட்டக்களத்தில் சொல்லிவருகிறோம். அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை.

அது எப்படிப் போனது? கடனுக்கு, கைநாட்டுக்கு, மிரட்டலுக்குப் போனது. 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பல இடங்களில் நிபந்தனைக் குறிப்பு புதிய பதிவேட்டில் ஏறாமலே போனது. பழைய பதிவேட்டில் இருந்த ஒரு சிறு குறிப்பு புதியதில் விடுபட்டால், அடுத்த தலைமுறைக்கு அந்த நிலம் தன்னுடையது என்ற நினைவே இருக்காது. தாத்தா அந்தக் கரையில் கேழ்வரகு போட்டார் என்று பாட்டி சொன்னது மட்டும் இருக்கும். பாட்டி போனால் அதுவும் போகும். 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். ஒரு பதிவேட்டின் மறதியை எதிர்த்துப் போன உயிர்கள் அவை.

அச்சத்தால் வரும் மறதியும் உண்டு. 1978 சூலையில், நம் மாவட்டத் தலைநகரான இதே விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி வீட்டில் கேட்டால், அதெல்லாம் இப்போ எதுக்கு என்று பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அது மறதி இல்லை. நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டும், அதே ஆட்களிடம் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை கோபப்பட்டு எதிலாவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். நம்மைக் காப்பாற்றிய மௌனம் அது. அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டதால் பெற்ற பாதுகாப்பில்தான் நாம் படித்தோம். இனிப் பேச வேண்டிய பொறுப்பு நம்முடையது.

செய்ய வேண்டியவை

மாணவ நண்பர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறோம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சேரியில் மூத்தவராக இருக்கும் பெண்ணிடம் முதலில் போய் உட்காருங்கள். வரலாறு சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள், பேச மாட்டார். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த மரத்தடியில் செருப்பைக் கழற்றினீர்கள், கூலி எந்தப் படியில் அளந்தார்கள் என்று கேளுங்கள். இடத்தைப் பிடித்துக்கொண்டால் நினைவு வரும். கேட்டதைத் திருத்தாமல், சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள். அவர் அஞ்சினால் பெயரை மறைத்து எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஊரின் பழைய ஏ பதிவேட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பாட்டியின் சொல்லையும் பதிவேட்டின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் நமக்கு உரிமை இருக்கிறது. ஒத்துப்போகாத இடத்தில் ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பி ஏமாற வேண்டாம்.

அடுத்த முறை செஞ்சிக் கோட்டைக்குப் போகும்போது, வழிகாட்டி மூன்று குன்று என்று சொன்னால், நான்காவது எங்கே என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டாம், கேட்டால் போதும். நாலு பேர் கேட்டால் அவர் தேடிப் பார்ப்பார். நாற்பது பேர் கேட்டால் பலகையில் எழுதுவார்கள்.

காலையில் குகையைவிட்டு இறங்கும்போது எங்களுடன் வந்த ஒரு தங்கை, மோசி ஆணா பெண்ணா, எந்தச் சாதி என்று கேட்டாள். அந்த வரி அதைச் சொல்லவில்லை. அவர் செய்த வேலையையும் அவர் ஊரையும் அவர் பெயரையும் மட்டும் சொல்கிறது. ஒரு மனிதரை நினைவில் வைக்க அது போதும் என்று அன்றைக்கு யாரோ நினைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பதிவேடுகளையும் நாம் அப்படியே எழுதத் தொடங்குவோம்.